சுருண்டு படுத்த அளவு

– அத அங்க வைக்காத. கண்ணு முன்னாடி வேணாம்.

– எதக்கா?

– அந்த ரெஞ்ச. எடுத்துப் பையில போடு.

– பையில போட்டா அவசரத்துக்குக் கை எட்டாது. பக்கத்துலயே இருக்கட்டும்.

– பிளாஸ்டிக் பைப்பு அறுக்க எதுக்குடா ரெஞ்சு? பிளேடு போதாதா?

– பைப்புக்குன்னு யாரு சொன்னா? அது மச்சானுக்கு.

– இந்தா பாரு. மொதல்ல நாய்க்கு இந்தக் கட்டில முடி. நாய் ஈரத்துல கெடக்குது. அப்பறம் நீ எந்த ஊர எரிக்கணுமோ போய் எரி.

– ஊரெல்லாம் வேணாம்க்கா. ஒரே ஒரு முட்டி. வலது முட்டி. பிரேக்கு மிதிக்கிற கால். அதுக்கப்பறம் அந்தாளு எப்படி லாரி ஓட்டறான்னு நான் பாக்கறேன், சரியா?

– அவரு இன்னைக்கு வர்றாருன்னு உனக்கு யாரு சொன்னா?

– லாரி ஷெட்டுல கேட்டேன். பஸ்ஸ விட்டு எறங்கினதும் நேரா அங்கதான் போனேன். இருபது நாள் கழிச்சு தொர நாலு மணிக்கு வந்து லோடு எறக்கறாராம். மில்லுல சங்கு ஊதறப்போ நான் ஷெட்டு வாசல்ல நிப்பேன்.

– அப்போ அக்காளப் பாக்க நீ வரல.

– உன்னையும்தான் பாக்க வந்தேன். இவனையும்தான். ஏய் வாஷரு, இங்க பாருடா. பாருக்கா, வாலு ஆடுது. பின்னங்கால் ரெண்டும் செத்துக் கெடக்கு, வால் மட்டும் ஆடுது.

– உன்னக் கண்டா ஆட்டும். எனக்கு ஆட்டாது.

– கண்ணச் சுத்தி அந்த வெள்ள வளையம் மட்டும் அப்படியே இருக்கு. சாக்கடைக் குழாய்லேர்ந்து இத உருவி எடுத்தப்போ, எவனோ குழாயில வாஷர போட்டுட்டான்னுதான் நெனச்சேன். அவ்வளவு சின்னதா இருந்துச்சு.

– நூறு தடவ சொல்லிட்ட. பைப்ப அறு.

– அளவு எடுக்காம எப்படி அறுக்கறது? உங்க பட்டறையில கண்ண மூடிக்கிட்டுத்தான் கேன்வாஸ் வெட்டறீங்களா? அப்பா ஸ்கேல எடு, வச்சுப் பாத்துடலாம்.

– டேப்பு தரேன்.

– டேப்பு வளையும்க்கா. ஸ்கேல எடு.

– அது ஒடஞ்சு போச்சு.

– எது?

– ஸ்கேலுதான்.

– அப்பாவோட தேக்கு ஸ்கேலா? மூணு விரல் மொத்தத்துல இருக்குமே, அதா?

– கீழ விழுந்துச்சு.

– கீழ விழுந்து ஒடையற சாமானாக்கா அது? நம்ம ரெண்டு பேர் முதுகுலயும் பத்து வருஷம் விழுந்துச்சே, ஒரு கீறல் உண்டா அதுல?

– பழசாயிடுச்சுல்ல. இந்தா டேப்பு. நாய நீயே அள, என் கைக்கு அது நிக்காது.

– சரி, பிடி. மூக்குலேர்ந்து வால் வரைக்கும்... ரெண்டடி. குறுக்கால ஒண்ணரை. போதும். ரெண்டுக்கு ஒண்ணரை. காலு எவ்வளவு ஒசரம்?

– தரையிலேர்ந்து அரை அடி இருக்கணும்னு டாக்டர் சொன்னாரு. அடியில காத்து போவணும். இது எந்திரிக்க முடியாம அப்படியே மூத்திரம் போயிடுது, அதுலயே கெடந்து கெடந்து தொடையில புண்ணு வந்துடுச்சு. பஞ்சு மெத்த போட்டா ஊறிடும். சிமெண்டுல போட்டா புண்ணு பெருசாகும்.

– கடையில விக்கிறாங்களே, அதே மாதிரி?

– கடையில விக்கிறதுக்கு வெலையக் கேட்டா நம்மளையே அதுல படுக்கப் போடணும். நாய்க்குக் கட்டில், நமக்குப் பட்டினி.

– வாங்க வேணாம். எங்கிட்ட மிச்சம் மீதி பைப்பு ஒரு சாக்கு இருக்கு. எவன் எவன் வீட்டு பாத்ரூமோ, இவன் கட்டிலாகட்டும். மூலைக்கு மட்டும் மூணு பக்கம் பிரியற சாமான் வேணும், அது இங்க கெடைக்காது. எல்போவையும் டீயையும் முட்ட வச்சு ஒட்டினா அதே வேல செய்யும். துணி?

– கேன்வாஸ் வச்சிருக்கேன். ஓரத்த நாலு மடிப்பா மடிச்சு ரெட்டத் தையல் போட்டுட்டேன். நடுவுல ரிங்கு அடிச்சு ஓட்ட போட்டிருக்கேன், தண்ணி நிக்காம எறங்கிடும்.

– புதுத்துணி மாதிரி இருக்கு. பட்டறையில குடுத்தாங்களா?

– திரும்பி வந்த ஆர்டர். நூத்தம்பது மெஷின் கவரு. ஒரு வாரம் முதுகு ஒடியத் தைச்சது. கறை பட்டுடுச்சுன்னு தூக்கி மூஞ்சியிலயே எறிஞ்சிட்டான் மேஸ்திரி.

– என்ன கறை?

– நாய் மூத்திரம்.

– வாஷரா? அப்படிப் போடு! நூத்தம்பது கவரு மேலயும் கையெழுத்து போட்டானா?

– சிரிக்காதடா.

– சரி, சிரிக்கல. பைப்ப அமுக்கிப் பிடி, உருளுது. இன்னும் அமுக்கு. என்னக்கா, பூவப் பிடிக்கிற மாதிரி பிடிக்கிற? வலது கையில என்ன கட்டு?

– மெஷின் ஊசி ஏறிடுச்சு.

– உள்ளங்கையிலயா? விரல்லதானே ஏறும்?

– கேன்வாஸ் ஊசி பெருசு. அறு நீ. எடது கையால பிடிக்கிறேன்.

– அறுக்கறேன். கேட்டுக்கோ, முட்டிய எப்படி அடிக்கணும்னு உள்ள ஒருத்தன் சொல்லிக் குடுத்தான். நேரா அடிக்கக் கூடாதாம். பக்கவாட்டுல அடிக்கணுமாம். கதவு திறந்துக்கற மாதிரி திறந்துக்குமாம்.

– ஜெயில்ல உனக்கு வேற ஒண்ணும் சொல்லிக் குடுக்கலையா?

– குடுத்தாங்க. சுவத்துல காத வச்சுப் படுக்க. ராத்திரில குழாயில தண்ணி ஓடற சத்தம் கேக்கும். இந்த ஊர்ல இருக்கற குழாயெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேந்துதானே இருக்கு, நம்ம வீட்டுக் குழாயும் இதோட சேந்துதான் இருக்கும்னு நெனச்சுக்குவேன். ஒரு நாள் சத்தியமா வாஷர் கொலைக்கிற சத்தம் கேட்டுச்சு. தண்ணிக்குள்ளேர்ந்து.

– கனவு கண்டிருப்ப.

– இருக்கும். ஆனா எட்டு மாசம் அத வச்சுத்தான் ஓட்டினேன். அக்காகிட்ட நாய் இருக்கு, நாய்கிட்ட அக்கா இருக்குன்னு. வெளிய வந்தும் கூட்டிட்டுப் போக முடியல. நாலு பேர் படுக்கற ரூம்ல நாயெங்க வைக்கிறது? அதான் உங்கிட்டயே விட்டேன்.

– விரலப் பாரு! பிளேடு!

– ஒண்ணுமில்ல, தோலுதான். ரத்தம் பைப்புல படாம தொடச்சா போதும், பட்டா சொல்யூஷன் ஒட்டாது. துணி ஏதாவது குடு. மெஷினுக்குப் பின்னாடி இருக்கு பாரு, நானே எடுக்கறேன்.

– அங்க போகாத, நான் எடுத்துத் தரேன். டேய், சொல்றேன்ல!

– அக்கா, இங்கதான் கெடக்கு ஸ்கேலு. ரெண்டு துண்டா.

– கெடக்கட்டும். அடுப்பெரிக்கலாம்னு வச்சிருக்கேன்.

– ஒடஞ்ச எடத்துல என்ன ஒட்டியிருக்குன்னு பாத்தியா?

– துணி நூலா இருக்கும்.

– நூலு இல்லக்கா. முடி. செம்பட்ட முடி. இவன் முடி. இதாலதான் அடிச்சிருக்கான். நான் உதைச்சுட்டான்னு நெனச்சேன். அப்பா ஸ்கேலால அடிச்சிருக்கான். நீ கீழ விழுந்துச்சுங்கற!

– பைப்ப அறுடா. பாதியில நிக்குது.

– ஏன் மறைக்கிற? இன்னும் அவனுக்குப் பயமா? ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி உன் மணிக்கட்ட ஒடைச்சான், நான் வந்து நாலு பல்ல எடுத்தேன். எண்ணித்தான் எடுத்தேன், அதுக்குத்தான் உள்ள போனேன். அதுக்கப்பறம் உன் மேல கை வச்சானா?

– வைக்கல. உண்மையச் சொல்லணும்னா, குரல்கூட ஒசத்தறதில்ல. குடிக்கிறதையும் விட்டுட்டாரு. பொய்ப் பல்லு கட்டிக்கிட்டு, சோத்த மெதுவா மென்னு தின்னுட்டு, தட்ட அவரே கழுவி வச்சிட்டுப் போறாரு.

– ஆமா, பூன மாதிரி. உன் மேல வைக்க முடியல, அதான் வாயில்லாததப் பிடிச்சிருக்கான். பிரஷர் எங்கயாவது வெளிய வந்துதானே ஆகணும்? ஒரு குழாய அடைச்சா இன்னொரு குழாய் வெடிக்கும். எனக்கு அது தெரியாம போச்சு பாரு, பிளம்பராம் நானு!

– சொல்யூஷன் டப்பாவத் தொற. மொதல்ல மூலைய ஒட்டலாம்.

– தொறக்கறேன். குச்சி இருக்கா? பல்லு வெளக்கற பிரஷ் பழசு இருந்தாலும் சரி. இப்படித் தடவணும். சொருகி, கால் சுத்து திருப்பி, முப்பது எண்ற வரைக்கும் விடக் கூடாது. விட்டா வெளிய தள்ளிடும். பிடி. ஒண்ணு, ரெண்டு... என்ன, கைய எடுக்கற?

– வலிக்குதுடா.

– ஊசி ஏறினதுக்கு இவ்வளவா வலிக்கும்? சீழ் வச்சிருக்கும், டாக்டர்கிட்ட காமி. நாய்க்கு டாக்டர், அக்காவுக்கு வெறும் துணியா?

– ஏண்டா, அப்பா அடிச்சு முடிச்சதும் என்ன செய்வாரு, ஞாபகம் இருக்கா?

– ஸ்கேலத் தொடச்சு மெஷின் மேல வைப்பாரு. நேரா வைப்பாரு, ஓரத்தோட ஓரம் பாத்து.

– அப்பறம்?

– தண்ணி குடிக்கிறியான்னு கேப்பாரு.

– ஆமா. எனக்கு அதுதான் ரொம்ப நாள் புரியல. இப்பத்தான் அடிச்சாரு, இப்ப எப்படித் தண்ணி குடுக்கறாருன்னு.

– நடிப்பு.

– நடிப்பு இல்லடா. அடிக்கறவங்களுக்கு அந்த நேரத்துல ஒண்ணும் கேக்காது. கத்தறது கேக்காது. மெஷின் வேகமா ஓடற மாதிரி ஒரு சத்தம்தான் தலைக்குள்ள ஓடும். அது நின்ன பெறகுதான் கீழ என்ன கெடக்குதுன்னே தெரியும். அப்போ தண்ணி குடுக்கத்தான் தோணும். வேற என்ன தோணும்?

– உனக்கெப்படித் தெரியும்?

– ...அவரு ஒரு நாள் சொன்னாரு.

– டிரைவரு தத்துவமெல்லாம் பேசறாரா? பேசட்டும், பேசட்டும். முட்டி போனா உக்காந்து பேச நெறைய நேரம் கெடைக்கும். சரி, நாலு மூலையும் ஒட்டியாச்சு. அஞ்சு நிமிஷம் காயட்டும். வாடா வாஷரு, தலைய இங்க வை. ஆ... அப்படித்தான். காதுக்குப் பின்னாடி சொறிஞ்சா ராஜாவுக்குத் தூக்கம் வந்துடும்.

– கொஞ்சம் கொஞ்சமா கண்ண மூடுது.

– அக்கா.

– ம்?

– இவன் இவ்வளவு நீளமா? பாரேன். முன்னங்கால அந்தக் கல்லு வரைக்கும் நீட்டறான். மூணடி இருக்கும் போலிருக்கே! நம்ம கட்டில் ரெண்டடி!

– அது சுருண்டு படுத்திருந்தப்போ நீ அளந்துட்ட.

– நீயும் பாத்துக்கிட்டுத்தானே நின்ன? ஒரு வார்த்த சொல்லக் கூடாது?

– எனக்கும் தோணலடா. நாய்னா இப்படிச் சுருண்டுதான் படுக்கும்னு நெனச்சேன். நீட்டிப் படுக்கும்னு தெரியாது.

– உனக்கும் தெரியல, எனக்கும் தெரியல. நல்ல குடும்பம்!

– நம்ம வீட்ல எவன் நீட்டிப் படுத்தான்? நீ இன்னைக்கும் முட்டிய நெஞ்சுல ஒட்ட வச்சுக்கிட்டுதானே தூங்கற?

– ரூம்ல கேலி பண்றாங்க. ரெண்டாளு எடத்துல நாலாளு படுக்கறோம், உன்னால எங்களுக்கு எடம் மிச்சம்டான்னு சொல்றானுங்க.

– வயித்துல அடி விழாம இருக்கணும்னா அப்படித்தான் படுக்கணும்னு நான்தான் உனக்குச் சொல்லிக் குடுத்தேன். உனக்கு அப்போ அஞ்சு வயசு.

– இப்ப என்ன பண்றது? ஒட்டினது ஒட்டினதுதான், பிரியாது. ரெண்டு நீளப் பக்கத்தையும் நடுவுல அறுத்து ஒவ்வொரு அடித் துண்டு வைக்கணும். பைப்போட பைப்பச் சேக்கற கப்லிங் நாலு வேணும். எங்கிட்ட மூணுதான் இருக்கு.

– அப்போ கடைக்குப் போயிட்டு வா. மெதுவா.

– நல்லா இருக்கே உன் கணக்கு! நான் கடைக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள சங்கு ஊதிடும். அடுப்பப் பத்த வை.

– எதுக்கு?

– பைப்பு நுனியச் சூடு பண்ணி, இன்னொரு பைப்ப உள்ள எறக்கினா அதுவே விரிஞ்சு கப்லிங் ஆயிடும். தொழில் தெரிஞ்சவன்கிட்ட போக்கு காட்டாத. துணி பத்துமா?

– மூணே முக்கால் அடி இருக்கு. மடிச்சுவிட வேண்டியதுதான் மிச்சம்னு நெனச்சேன், நல்ல வேளை வெட்டல.

– தீ கிட்ட தள்ளி நில்லு, பொக வரும். பாரு, எப்படி எளகுதுன்னு. எலும்பும் இப்படி எளகினா நல்லாருக்கும்ல, இவனுக்குச் சூடு பண்ணி நேரா வச்சுடலாம்.

– அந்த டாக்டரு அதுக்கு வழியில்லன்னுட்டாரு, வயசான நாய், எலும்பு சேராதுன்னு.

– வேற என்ன சொன்னாரு?

– யாரு அடிச்சாங்கன்னு கேட்டாரு.

– நீ என்ன சொன்ன?

– வண்டியில அடிபட்டுச்சுன்னேன்.

– அங்கயும் அவனக் காப்பாத்தியாச்சு. போன்ல நான் ‘அவன்தானே?’ன்னு கேக்கலேன்னா எங்கிட்டயும் வண்டின்னுதான் சொல்லியிருப்ப.

– நீயே கேட்ட, நீயே பதிலும் சொல்லிக்கிட்ட. நான் ‘ம்’னு மட்டும்தான் சொன்னேன்.

– ‘ம்’ போதாதா? அந்த ஒரு ‘ம்’முக்கு நான் பத்து நாளா தூங்கல. பிடி துணிய. பைப்பச் சுத்திக் கீழ கொண்டு வா. நான் டிரில்லு போடறேன், நீ வாஷர் வச்சு ஸ்க்ரூவக் குடு. வாஷர் இல்லாம முடுக்கினா துணி கிழிஞ்சிடும்.

– எத்தன ஸ்க்ரூ?

– ஒரு பக்கத்துக்கு ஆறு. மொதல்ல எதிரும் புதிருமா நடுவுல ஒண்ணொண்ணு. அப்பறம் மூல. இழு. இன்னும் இழு. தட்டினா மேளம் மாதிரி சத்தம் வரணும்.

– இதுக்கு மேல என் கை தாங்காதுடா. கட்டு நனையுது பாரு.

– ரத்தமா வருது! சரி விடு, நான் கால வச்சு மிதிச்சு இழுத்துக்கறேன். நீ அப்படி உக்காரு. இவன் ஏன் நடுங்கறான்?

– டிரில்லு சத்தத்துக்கு இருக்கும்.

– டிரில்லு நிறுத்தி இவ்வளவு நேரமாச்சே. நீ அந்தத் தொடப்பக்கட்டைய ஓரமா எடுத்து வச்சப்போதான் நடுங்க ஆரம்பிச்சான். அந்தப் படுபாவி எதையெல்லாம் தூக்கிக் காட்டியிருக்கானோ! வீட்டுல குச்சிய யாரு தொட்டாலும் பயப்படறான்.

– ம்.

– முடிஞ்சுது. தட்டிப் பாரு.

– நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பக்கம் ஒரு ஸ்க்ரூ ஆடுது.

– ஆடல.

– இந்தக் காலு கட்டை மாதிரி தெரியுது. தட்டு வச்சுப் பாரு, நொண்டும்.

– நொண்டல. அக்கா, நான் ஒண்ணும் குழந்த இல்ல, சரியா? காலையிலேர்ந்து நீ என்ன பண்றன்னு எனக்குத் தெரியும். தூக்கறேன் இவன. ஐயோ, என்னடா எடையே இல்ல... இந்தா, படு. மெதுவா. பாருக்கா, கால நீட்டறான்! முழுசா நீட்டறான்! இடிக்கல!

– ஆமாண்டா. இடிக்கல.

– போதும். இத பாத்துட்டேன், போதும். ரெஞ்சு எங்க?

– சங்கு ஊதலையே இன்னும்.

– ரெஞ்சு எங்கக்கா?

– தொட்டியில போட்டுட்டேன். தண்ணிக்குள்ள.

– எடுக்க மாட்டேன்னு நெனச்சியா? முழங்கை ஆழம் தண்ணி. இந்தா, எடுத்தாச்சு. கதவத் தொற.

– பூட்டியிருக்கு.

– சாவி?

– ஜலதாரைக்குள்ள போட்டுட்டேன். போ, குழாய் குழாயா நொழஞ்சு தேடு.

– வெளையாடாத. ஊதுது பாரு, சங்கு! கேக்குதா? தள்ளு!

– மாட்டேன்.

– தள்ளுன்னு சொல்றேன்ல! பூட்ட ஒடைக்கப் போறேன், நகரு!

– என்னய அடிச்சுட்டுப் போ.

– அறையறியா? என்னையா? எந்தக் கைய ஓங்கற நீ? அவனுக்கு ஓங்கியிருக்கணும் அந்தக் கைய! விட்டுடு! சொல்லிட்டேன், விட்டுடு!

– டேய்... கழுத்து... மூச்சு...

– விடறியா? கதவ விடறியா?

– த... தம்பி...

– ...ஐயோ. அக்கா. அக்கா! நான்... இரு, உக்காரு. மூச்ச இழு. மெதுவா. நான் கை வச்சதே எனக்குத் தெரியலக்கா. ஒண்ணுமே கேக்கல எனக்கு. நீ பேசினது கேக்கல. தண்ணி... தண்ணி குடிக்கிறியா?

– ...குடு.

– இந்தா. ஏன் சிரிக்கிற? ஏங்க்கா அழற?

– என்ன கேட்டன்னு பாத்தியா?

– என்ன கேட்டேன்?

– தண்ணி குடிக்கிறியான்னு.

– ...அப்படி சொல்லாதக்கா. நான் அப்பா இல்ல. நான் அவர மாதிரி இல்ல.

– சரி, இல்ல. நீ அந்த ரெஞ்ச கீழ வச்சிட்டு, மருந்து டப்பா அடியில ஒரு சீட்டு இருக்கு பாரு, அத எடு. டாக்டர் சீட்டு. மேல தேதி போட்டிருக்கும். படி.

– பதினொண்ணு.

– அன்னைக்கு மத்தியானம் அடிபட்டுது, அன்னைக்கு சாயங்காலமே தூக்கிட்டு ஓடினேன். மடியில வச்சுக்கிட்டுப் போனேன். வழியெல்லாம் என் புடவையிலயே மூத்திரம் போச்சு. இன்னைக்கு என்ன தேதி?

– இருபத்தொண்ணு.

– அவரு லோடு ஏத்திக்கிட்டுப் போயி எத்தன நாளாச்சு? காலையில நீதானே சொன்ன?

– இருபது... அப்படின்னா ஒண்ணாந்தேதி.

– ஒண்ணாந்தேதி விடியறதுக்கு முன்னாடி போனாரு. போறப்போ பிஸ்கட் ஒண்ண பிச்சு இதுக்குப் போட்டுட்டுப் போனாரு. இது வாசல் வரைக்கும் ஓடிச்சு, நாலு காலாலயும்.

– அப்போ அவன் இல்லையா?

– அவரு இல்ல.

– பின்ன ஏன் பத்து நாளா என்னய எரிய விட்ட? நான் இன்னைக்கு ஒரு ஆள முடிச்சிருப்பேன்க்கா! யாரு அப்போ? அந்த மேஸ்திரியா? துணி போச்சுன்னு வீடேறி வந்தானா? பக்கத்து வீட்டுக்காரனா? சொல்லு! எவனா இருந்தாலும் சரி, இந்த ஸ்கேலப் பிடிச்ச கைய ஒடைக்காம நான் பஸ் ஏற மாட்டேன்.

– யாரா இருந்தாலுமா?

– வாஷர் மேல சத்தியம்.

– சரி. அப்போ இந்தா.

– என்ன? ஏன் கைய நீட்டற?

– கட்டப் பிரிச்சுப் பாரு. ஊசி ஏறின காயம் இல்லடா அது. அப்பா ஸ்கேல் ஒடஞ்சப்போ ஏறின மரச் செலாம்பு.